பதினேழாம் எண்ணின் குரல்

"கண்ணாடியில ஸ்டிக்கர எடுக்காம விட்டுட்டீங்க சார்," என்றான் ஹாரன். "பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம்னு ஐடியாவா?"

எதிரே உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இடது பக்க வில்லையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்ன வட்டத்தை நகத்தால் சுரண்டினார். அது வரவில்லை. அப்படியே மறுபடி மாட்டிக்கொண்டார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த சர்வேயர் குறிப்பேட்டைத் திறந்தார். பத்தொன்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கிடங்குகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்துப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் அந்தப் பட்டம் அவரை விடவில்லை. அதிகம் பேசாத பெண்மணி. அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கென்றே உதவியாளனாக வந்து வாய்த்தவன் ஹாரன். பதினைந்து வருடம் டாக்ஸி ஓட்டியவன். அவன் டாக்ஸியில் எது பழுதானாலும் அது மட்டும் பழுதானதில்லை என்பதால் அந்தப் பெயர்.

"இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை," என்றார் வந்தவர். மெல்லிய குரல். "பஸ் டிரைவரை வேலையிலிருந்து எடுக்கப்போறாங்க. அவர் மேல தப்பில்ல. அத மட்டும் நிரூபிச்சுக் குடுங்க மேடம்."

"டிரைவர் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லீங்க."

"பழக்கமா?"

"அன்னைக்கு ஒரு நாள்தான் பார்த்தேன்."

சர்வேயர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காத கேள்விக்கும் ஆட்கள் பதில் சொல்லிவிடுவது இந்த மாதிரி நேரங்களில்தான். இவர் சொல்லவில்லை. மடியில் வைத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். வந்தவர் வேலை பார்ப்பது லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனி. அதன் புகார்த் தளத்தில் இருபத்து நான்கு மேஜை, இருபத்து நான்கு தொலைபேசி. அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எக்ஸ்டென்ஷன் எண்தான் பெயர். வந்திருந்தவர் பதினெட்டு.

எட்டு நாளைக்கு முன்னால், அழைப்புகளை இன்னொரு கிளையின் தலையில் கட்டிவிட்டு, தளம் முழுவதையும் ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார்கள். முள்புதர் பிடுங்கி, மரக்கன்று நடும் தன்னார்வ நாள். ஆளுக்கு எண் எழுதிய ஒரு ஜோடி கையுறை, பத்துக் கன்று, கன்றில் கட்டுவதற்குப் பத்துத் துண்டு அட்டை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் பஸ்ஸுக்குள் ஓடினார்கள். மனிதவள அதிகாரி படிக்கட்டில் நின்று பட்டியலைப் பார்த்து எண்களைக் கூப்பிட்டார். இருபத்து நான்குக்கும் பதில் வந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில், அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், பழைய கல்குழி ஒன்றின் அடியில் பதினேழைக் கண்டுபிடித்தார். கால் உடைந்து, தலையில் அடிபட்டு, ராத்திரி முழுக்க நனைந்து கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. இதுவரை கண் திறக்கவில்லை.

"டிரைவர் என்ன சொல்றார்?"

"தலைய எண்ணினாராம். இருபத்து மூணுதான் வந்ததாம். அப்பவே சொல்லியிருக்கார். பட்டியல் சரியா இருக்கு, நீங்க தப்பா எண்ணிட்டீங்கன்னு சொல்லிட்டாங்க. இப்ப, அவர் எண்ணவே இல்ல, தப்பிக்கறதுக்காகக் கதை விடறார்னு கம்பெனி சொல்லுது."

"அவர் பொய் சொல்லலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதினெட்டு எழுந்துகொண்டார். "மூணு தடவைக்கு மேல மணி அடிக்கவிடக் கூடாது மேடம், நான் சீட்டுக்குப் போகணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்ட கேள்வி மேஜை மேலேயே கிடந்தது.

*

ஆஸ்பத்திரியில் பதினேழின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவரின் உடம்பில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கைக்கடிகாரம், பர்ஸ், வீட்டுச் சாவி, ஒரு மூக்குக்கண்ணாடி.

"அன்னைக்கு ராத்திரி அவர் வரலன்னதும் அந்த மனிதவளம் அம்மாவுக்குப் போன் பண்ணினேன்," என்றார். "பட்டியல்ல இருக்கார், பஸ்ல வந்துட்டார்னாங்க. அப்ப சிநேகிதங்களோட எங்கயாவது போயிருப்பார்னு கோபத்துல படுத்துட்டேன். கதவ வேற உள்ள தாழ் போட்டுட்டேன்." பையைச் சர்வேயர் பக்கம் நகர்த்தினார்.

சர்வேயர் மூக்குக்கண்ணாடியை எடுத்தார். பழைய பழுப்பு பிரேம். ஒரு காலில் திருகாணி இல்லை. அந்த இடத்தில் ஒரு குண்டூசியைச் செருகி, முனையை அழகாக வளைத்து விட்டிருந்தது.

"இது எவ்வளவு நாளா போடறார்?"

"இது அவரோடது இல்லீங்க. எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்கறதே அவர்தான். கண்ணாடி எதுக்கு அவருக்கு? ஆஸ்பத்திரில யாரோடதோ மாத்திப் போட்டுட்டாங்கன்னு நினைச்சேன். சட்டைப் பையிலிருந்துதான் எடுத்தோம்னு அந்த நர்ஸ் சத்தியம் பண்றா."

தாழ்வாரத்துக்கு வந்ததும் ஹாரனால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. "மேடம், கேஸ் முடிஞ்சுது! யாரோ அவரோட கைகலந்திருக்கான். இவர் கண்ணாடியப் பிடுங்கிட்டார். அவன் தள்ளிவிட்டுட்டான். ஊர்ல கண்ணாடி இல்லாம செவுத்துல முட்டிக்கிட்டு ஒருத்தன் திரிவான். பிடிச்சுடலாம்!"

"மடிச்சு இருந்துச்சாம்."

"எது?"

"கண்ணாடி. மடிச்சு, சட்டைப் பையில போட்டு, பையோட பட்டனையும் போட்டிருக்கார். நர்ஸ் சொன்னாங்க."

ஹாரன் யோசித்தான். "கைகலக்கும்போது 'ஒரு நிமிஷம் இருப்பா'ன்னு சொல்லிட்டு..."

"பத்திரப்படுத்தியிருக்கார் ஹாரன். வேற ஒருத்தரோட பொருள் தொலையக் கூடாதுன்னா நாம என்ன செய்வோமோ, அதச் செஞ்சிருக்கார்."

*

ஏரிக்கரையில் வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. எட்டு நாள் முன்பு நட்ட கன்றுகள் வரிசை வரிசையாக நின்றன. பார்த்துக்கொள்ளும் அம்மாள், கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"சாயங்காலம் ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. மழையில ஏதோ நாய் கத்துதுன்னு நினைச்சுட்டேன். கையுறை இருபத்து நாலு ஜோடியும் வந்து சேர்ந்திருந்துச்சு. எண்ணிப் பார்த்துட்டுக் கதவச் சாத்திட்டேன். கையுறை சரியா இருந்தா ஆளும் சரியா இருக்கும்னுதானே நினைப்போம்?"

"நாங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்போம்," என்றார் சர்வேயர். அந்த அம்மாளின் முகம் மாறவில்லை. ஆறுதல் சொன்னால் மாறக்கூடிய முகமாக அது இல்லை.

கல்குழி மேற்கு ஓரத்தில் இருந்தது. அதன் வேலியை ஒட்டித்தான் அன்று மத்தியானம் எல்லாரும் புதர் பிடுங்கினார்களாம். காலையில் ஆளுக்கு மூன்று கன்று, பிறகு புதர், சாப்பாடு முடிந்து மீதிக் கன்றுகள். இதுதான் அன்றைய வேலை.

"பதினேழாவது வரிசை எது?"

பத்துக் கன்றும் இருந்தன. முதல் ஆறில் மண் வட்டமாக அமுக்கப்பட்டு, அட்டையில் எண் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக, நேராக எழுதப்பட்டிருந்தது. கடைசி நான்கில் அதே பதினேழு இரண்டு விரல் உயரத்துக்கு இருந்தது. ஒரு அட்டையில் ஏழு இடம் போதாமல் விளிம்பைத் தாண்டி வழிந்துவிட்டது.

"கன்று வளருதோ இல்லையோ, எழுத்து நல்லா வளர்ந்திருக்கு," என்றான் ஹாரன். "நல்ல உரம் போல."

"கண்ணு தெரியாம எழுதினா எப்படி எழுதுவ?"

"பெருசா..." ஹாரன் நிறுத்தினான். "மேடம். கண்ணாடியத் தொலைச்சவன் எழுதினது! இவரோட கடைசி நாலு கன்றையும் அவன்தான் நட்டிருக்கான்."

சர்வேயர் பக்கத்துப் பதினெட்டாவது வரிசைக்கு நகர்ந்தார். முதல் அட்டையிலிருந்து பத்தாவது அட்டை வரை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். முதல் மூன்றில் எண் சின்னதாக இருந்தது; நான்காவதிலிருந்து இங்கேயும் இரண்டு விரல் உயரம். பத்தாவது கன்றுக்கு அருகே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஏரியில் எங்கோ ஒரு பறவை இரண்டு தடவை கத்தியது. ஹாரனுக்கு இரண்டு மூன்று வேடிக்கைகள் தோன்றின. அவர் முதுகைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

"ஹாரன், அந்தக் கம்பெனியோட புகார் எண்ணுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல வை. பதினேழு வேணும்னு கேளு."

"பதினேழா? அவர் ஆஸ்பத்திரியில..."

"கேளு."

முதலில் ஒரு பெண் குரல். பதினேழு வேண்டும் என்றதும் இணைப்பு மாறியது. மணி ஒரு தடவை அடித்தது. இரண்டாவது தடவை அடிக்கும்போதே எடுக்கப்பட்டது.

"பதினேழு, இருக்கேன். சொல்லுங்க. லிஃப்ட் எத்தனாவது மாடியில நின்னிருக்கு?"

கனமான, சாவகாசமான குரல். ஹாரன் கையிலிருந்த தொலைபேசி மண்ணில் விழுந்தது. அவன் அதையும் சர்வேயரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சர்வேயர் அதை எடுத்து மண்ணைத் துடைத்தார். "லிஃப்ட் எதுவும் நிக்கல. பதினேழு எங்க படுத்திருக்கார்னு இப்பதான் பார்த்துட்டு வந்தோம்."

மறுமுனையில் அந்தக் கனம் கரைந்து, காலையில் அலுவலகத்தில் கேட்ட மெல்லிய குரல் வந்தது.

"மேடம்..."

"நாலு மணிக்கு முன்னால படிக்கட்டுல இருங்க பதினெட்டு. வர்றோம்."

*

"லிஃப்ட் கம்பெனியில லிஃப்ட் ஓடல," என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினான் ஹாரன். "இத எந்த எண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்றது?" ஆனால் அதில் அவனுக்கே சுரத்து இல்லை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் பதினெட்டு நின்றிருந்தார். அவராகவே பேசினார்.

"பதினோரு வருஷம் மேடம். பக்கத்துப் பக்கத்து மேஜை. மூணு தடவை மணி அடிக்கறதுக்குள்ள போன எடுக்கலன்னா மெமோ. அவன் எழுந்து போனா அவன் போன நான் எடுப்பேன், அவன் குரல்ல. நான் போனா என் போன அவன் எடுப்பான், என் குரல்ல. என் பொண்டாட்டிகிட்டயே ஒரு தடவை நானா பேசியிருக்கான். அவளுக்கே தெரியல."

"அன்னைக்கு?"

"மூணு மணி இருக்கும். 'கொஞ்சம் பார்த்துக்கடா'ன்னு கையுறையக் கழட்டிக் குடுத்தான். எங்களுக்குள்ள அந்த ஒரு வார்த்தை போதும். எங்க, எதுக்குன்னு கேக்கறதில்ல. அவன் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான். நேரத்தோட வீட்டுக்கு நழுவறான்னு நினைச்சேன். மிச்சமிருந்த நாலு கன்ற நட்டேன். கையுறையத் திருப்பிக் குடுத்தேன். பஸ்ல அந்தம்மா பதினேழுன்னாங்க. சத்தியமா யோசிக்கவே இல்ல மேடம். மணி அடிச்சா கை போகுமே, அந்த மாதிரி வாய் போயிடுச்சு."

"டிரைவர் ஒருத்தர் குறையறார்னு சொன்னப்போ?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"அப்போ யோசிச்சேன்," என்றார் கடைசியில். "சொன்னா அவன் மாட்டிக்குவான்னு யோசிச்சேன். அவனக் காப்பாத்தறதா நினைச்சு வாய மூடிக்கிட்டேன்."

மேலே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"தினமும் காலையில சொல்லிடணும்னுதான் வர்றேன். உள்ள நுழைஞ்சதும் அவன் போன் அடிக்கும். எடுத்துடுவேன். அப்புறம் அன்னைக்கு முழுக்க அவன் அங்க இருக்கற மாதிரியே இருக்கும். ஒருத்தருமே கண்டுபிடிக்கல மேடம். அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, நான் சொல்ல வேண்டியிருக்காதே."

சர்வேயர் ஒரு படி கீழே இறங்கி அவருக்கு நேராக நின்றார். எத்தனையோ அறிக்கைகளில் 'யார் மீதும் தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஒருவரையும் அவர் பார்த்ததில்லை.

"நான் சொல்லப்போறதில்ல," என்றார். "டிரைவர் மேல தப்பில்லன்னு காட்டறதுதான் என் வேலை. அதுக்குப் பட்டியல இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னா போதும்."

பதினெட்டு தலையை ஆட்டினார். பிறகு, பல நாள் தன்னையே கேட்டுத் தேய்ந்துபோன கேள்வியைக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் புரியல மேடம். அவன் வீட்டுக்குப் போற வழி கிழக்கால. குழி இருக்கறது மேற்கால. எதுக்கு அங்க போனான்?"

சர்வேயரின் கை கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றுவிட்டது. சொல்லாமல் விட்டுவிடலாம். விசாரணைக்கு இது தேவையில்லை. டிரைவருக்கும் தேவையில்லை. ஹாரன் 'வேண்டாம்' என்பது போல மெல்லத் தலையசைத்தான். ஆனால் இந்த மனிதர் செத்துப்போகும் வரை மேற்குப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவருக்குத் தோன்றியது.

பையைத் திறந்தார். மனைவியிடம் கேட்டு வாங்கி வந்திருந்ததை எடுத்து நீட்டினார்.

பதினெட்டு முதலில் அந்தக் குண்டூசியைத்தான் பார்த்தார்.

"இந்தக் குண்டூசி... அவன் போட்டுக் குடுத்தது. விழுந்த திருகாணி என் கண்ணுக்குத் தெரியலன்னு." அவர் விரல் அதன் வளைவைத் தடவியது. "புதர் பிடுங்கும்போது எங்கயோ விழுந்துடுச்சு. சாப்பிடும்போது சொன்னேன். பழசுதானே, போனா போகட்டும்னு சொன்னேன் மேடம். போனா போகட்டும்னுதானே சொன்னேன்..."

"சட்டைப் பையில இருந்துச்சு," என்றார் சர்வேயர். "பட்டன் போட்டு."

*

கூட்ட அறையில் இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் மட்டும் சுவரோரமாக நின்றார். உட்காரச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார்.

"பட்டியல மறுபடி வாசிக்கறதால என்ன தெரிஞ்சுடப் போகுது?" என்றார் மனிதவள அதிகாரி.

"இவர் எண்ணினார். நீங்க கூப்பிட்டீங்க. ரெண்டுல ஒண்ணு தப்பு. அன்னைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க."

அதிகாரி தாளை எடுத்தார். ஒன்று. இருக்கேன். இரண்டு. இருக்கேன். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சிலர் சலிப்போடு, சிலர் தரையைப் பார்த்தபடி. பதினாறு. இருக்கேன்.

"பதினேழு."

அப்போது கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஆளில்லாத தளத்தில் ஏதோ ஒரு மேஜையில் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. ஒரு தடவை. இரண்டு. மூன்று. பழக்கத்தில் பல தலைகள் திரும்பின. நான்காவது தடவையும் அடித்தது. ஐந்தாவது தடவை அடித்து நின்றது.

பதினெட்டு எழுந்து நின்றார். ஸ்டிக்கர் ஒட்டிய புதுக் கண்ணாடி மேஜைமேல் இருந்தது. மூக்கில் குண்டூசி செருகிய பழையது இருந்தது.

"பதினேழு வரல," என்றார் தன் சொந்தக் குரலில். "அன்னைக்கும் வரல. அவனுக்காக நான்தான் இருக்கேன்னு சொன்னேன். பதினெட்டுதான் ரெண்டு தடவை சொன்னது."

அதிகாரியின் விரல் தாளில் அந்த எண்ணுக்கு நேராக நின்றது. அங்கிருந்து அது நகரவில்லை. பஸ் படிக்கட்டில் நனைந்துகொண்டு, 'நீங்க தப்பா எண்ணிட்டீங்க' என்று தான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

சுவரோரத்திலிருந்து டிரைவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அப்ப இருபத்து மூணுதானே? நான் சரியாத்தான் எண்ணினேன்?"

"சரியாத்தான் எண்ணினீங்க," என்றார் சர்வேயர். "உங்க மேல தப்பே இல்ல."

ஹாரன் அவர் தோளைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டினான். எட்டு நாளாகத் தன் எண்ணிக்கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் இப்போதாவது மூச்சுவிடுவார், சிரிப்பார், ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று காத்திருந்தான்.

டிரைவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் தூங்கினேன்," என்றார். "சரியா எண்ணிட்டு, தெரிஞ்சே வண்டிய எடுத்துட்டேனே."

ஹாரனின் கை அந்தரத்தில் நின்றது.